வளரும் பிள்ளைக்கு வளராத கால்

பருவ விடுமுறை நெருங்கும்போது நம் வளாகத்து அறிவிப்புப் பலகைகளில் ஒரே மாதிரியான சுவரொட்டிகள் ஒட்டப்படுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கம்போடியா, லாவோஸ், நேப்பாளம் என்று நாட்டின் பெயர் மட்டும் மாறும். 'அனைத்துலகத் தன்னார்வச் சேவை' என்ற தலைப்பு மாறாது. நடுவில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். அப்படி ஒரு சுவரொட்டியைப் பார்த்துத்தான் நானும் பெயர் கொடுத்தேன். பிசியோதெரபி படிக்கும் மாணவி நான். படித்ததைப் பயன்படுத்த இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா என்று எண்ணினேன்.

2024 ஆகஸ்டில் நாங்கள் பதினான்கு பேர் கம்போடியாவுக்குப் போனோம். சியாம் ரியாப்பில் இறங்கி, பட்டம்பாங் மாநிலத்துக் கிராமம் ஒன்றில் உடற்பேறு குறைந்த பிள்ளைகளுக்கான முகாம் நடத்தினோம். மொத்தம் ஒன்பது நாள். போகவர இரண்டு நாள், அங்கோர் வாட் பார்க்க ஒரு நாள், திறப்பு விழா, நிறைவு விழா, பண்பாட்டு இரவு எல்லாம் கழித்துப் பார்த்தால் பிள்ளைகளின் கைகால்களை நாங்கள் தொட்டுப் பார்த்தது மூன்றரை நாள். இந்தக் கணக்கை அப்போது நான் போடவில்லை. திரும்பி வந்த பிறகுதான் போட்டேன். அதற்குக் காரணம் ஒரு வீட்டுச் சுவர்.

முகாமுக்கு வராத பிள்ளைகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கலாம் என்று எங்களில் நால்வர் கிளம்பினோம். மழைக்காலச் சேறு. தூண்கள்மேல் நின்ற ஒரு பலகை வீட்டில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் பாட்டியோடு இருந்தான். வலக்கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கண்ணிவெடிதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கம்போடியா என்றதும் நமக்கு வேறு என்ன தோன்றும்? கேட்டபோதுதான் தெரிந்தது, ஆறு வயதில் மோட்டார் சைக்கிள் விபத்து.

அந்த வீட்டுச் சுவரில் ஆணி அடித்து ஒரு செயற்கைக் கால் மாட்டப்பட்டிருந்தது. பக்கத்திலேயே பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு புகைப்படம். ஒரே நிறத்தில் டீ சட்டை அணிந்த வெளிநாட்டவர்கள் சிறுவனைச் சுற்றி நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த தன்னார்வக் குழுவாம். காலின் அடியில் பழைய சிலிப்பர் ரப்பரை வெட்டி மூன்று அடுக்காக ஒட்டியிருந்தார் பாட்டி. உயரம் போதாமல் போனதற்கு அவர் கண்ட வழி அது. அதற்கு மேலும் பையன் வளர்ந்துவிட்டான். இப்போது மூங்கில் கழியை ஊன்றி ஒற்றைக் காலில் தாவுகிறான்.

"நல்ல கால்தான், இவன்தான் வளர்ந்துவிட்டான்" என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொன்னார் பாட்டி. பிள்ளை வளர்ந்ததற்கு மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது அவர் குரல்.

நண்பர்களே, இந்தத் துறையின் அடிப்படை உண்மை அந்தச் சுவரில்தான் தொங்கியது. பெரியவர் ஒருவருக்குச் செய்யும் செயற்கைக் கால் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை உழைக்கும். வளரும் குழந்தைக்கோ ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் அதை மாற்றவோ சரிசெய்யவோ வேண்டும். எலும்பு நீள்கிறது, தசை மாறுகிறது, எஞ்சிய கால் பகுதியின் சுற்றளவு மாறுகிறது. எலும்பின் நடுவில் வெட்டப்பட்ட பிள்ளைகள் சிலருக்கு, அந்த எலும்பின் நுனி தோலை முட்டிக்கொண்டு வளரும். மீண்டும் அறுவை சிகிச்சை தேவைப்படும். ஆறு வயதில் காலை இழந்த ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டாலே பதினெட்டு வயதுக்குள் பன்னிரண்டு கால்கள் வேண்டும். நம்மைப் போன்ற குழுக்கள் கொடுப்பது அதில் ஒன்று. அதைக் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு கால் எப்படிச் செய்யப்படுகிறது என்று அறிந்தால் இது இன்னும் நன்றாக விளங்கும். எஞ்சிய கால் பகுதியின்மேல் மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி முதலில் அச்சு எடுக்கிறார்கள். அதில் சாந்து ஊற்றி, காலின் உருவத்தை வார்க்கிறார்கள். எடையைத் தாங்கக்கூடிய இடங்களில் அந்த உருவத்தைச் செதுக்குகிறார்கள். எலும்பு துருத்தும் இடங்களில் சாந்தைச் சேர்க்கிறார்கள். சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அதன்மேல் போர்த்திக் காற்றை உறிஞ்சினால் காலை ஏற்கும் குழி தயார். பிறகு பாதம், கணுக்கால், குழல் எல்லாம் சேர்த்து நிற்க வைத்து, நடக்க வைத்து, கோணத்தைத் திருத்துகிறார்கள். அதன்பின் தொடங்குவதுதான் எங்கள் துறையின் வேலை. எடையை அந்தக் காலில் போடப் பழக்க வேண்டும். மேடு பள்ளம் ஏற, விழுந்தால் எழப் பழக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் எங்காவது தோல் சிவந்திருக்கும். அந்த இரண்டாவது வாரத்தில் குழு எங்கே இருக்கிறது? விமானம் ஏறிப் பத்து நாளாகியிருக்கும்.

கால் இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல இது. ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று வளைந்த பாதத்தோடு பிறக்கிறது. அதற்குப் பொன்செட்டி முறை என்ற எளிய, மலிவான சிகிச்சை உண்டு. வாரம் ஒரு மாவுக்கட்டு என்று ஐந்தாறு வாரம் மாற்றி மாற்றிப் போட்டுப் பாதத்தைச் சிறிது சிறிதாகத் திருப்புகிறார்கள். பிறகு பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் நாணில் ஒரு சிறு வெட்டு. அதன்பின் ஏறக்குறைய நான்கு வயது வரை இரவில் பட்டைக் காலணி. காலணியை நிறுத்தினால் பாதம் மீண்டும் வளையக்கூடும். இந்தச் சிகிச்சையின் எந்தப் பகுதி ஒன்பது நாளில் அடங்கும்? பெருமூளை வாதம் உள்ள பிள்ளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவனுக்கு வேண்டியது ஆண்டுக்கணக்கில் அன்றாடம் செய்யும் பயிற்சி.

இப்படியானால் ஏழை நாட்டில் வெளியார் யாரும் உதவவே கூடாதா? வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கம்போடியாவையே எடுத்துக்கொள்வோம். 1979 முதல் கண்ணிவெடிகளாலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் அங்கு ஏறக்குறைய 65,000 பேர் இறந்தோ காயமுற்றோ இருக்கிறார்கள். 1996இல் மட்டும் 4,000க்கும் மேற்பட்டோர். 1982இல் தாய்லாந்து எல்லையில் இருந்த அகதி முகாம்களில் பிரெஞ்சு மருத்துவர்கள் சிலர் 'ஹாண்டிகாப் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கையில் பெரிய கருவிகள் இல்லை. மூங்கில், மரம், தோல், பழைய டயர் என்று கிடைத்ததைக் கொண்டு கால் செய்தார்கள். அதை அகதிகளுக்கே கற்றுக்கொடுத்தார்கள். 1990களில் செஞ்சிலுவை அனைத்துலகக் குழு புனோம் பென்னில் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்கூடத்தை நடத்தியது. விலை குறைந்த பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்கில் கால் செய்யும் முறை பரவியது. 1994இல் கம்போடியச் செயற்கை உறுப்புப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. இன்று அந்நாட்டு மையங்களில் கால் செய்பவர்கள் கம்போடியர்கள். மற்ற ஆசிய நாடுகளிலிருந்தும் மாணவர்கள் அங்கு வந்து படித்துப் போயிருக்கிறார்கள்.

1997இல் கண்ணிவெடித் தடை இயக்கத்துக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தபோது ஓஸ்லோ மேடையில் இயக்கத்தின் சார்பில் அதைப் பெற்றவர் துன் சன்னரெத் என்ற கம்போடியர். இரு கால்களையும் வெடியில் இழந்து, பிறருக்குச் சக்கர நாற்காலி செய்து கொடுத்து வந்தவர். வெடியால் பாதிக்கப்படுவோர் எண்ணிக்கை 2018 முதல் 2024 வரை எந்த ஆண்டிலும் நூறைத் தொடவில்லை. மையங்களுக்கு இன்று வரும் பிள்ளைகளில் சாலை விபத்தில் அடிபட்டவர்களும் பெருமூளை வாதமும் வளைந்த பாதமும் உள்ளவர்களும் இருக்கிறார்கள். நாங்களோ இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கம்போடியாவை மனத்தில் வைத்துக்கொண்டு போயிருந்தோம்.

நம் இனத்துக்குத் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. ஜெய்ப்பூர் கால். இராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்ற மருத்துவரும் 1960களின் இறுதியில் ரப்பரைக் கொண்டு உருவாக்கியது. வெறுங்காலோடு நடக்கலாம், குந்தி உட்காரலாம், வயலில் இறங்கலாம். நடிகை சுதா சந்திரன் ஆடியது இந்தக் காலை அணிந்துதான். இந்தக் கால் யாழ்ப்பாணத்திற்கும் போனது. 1987இல் அங்கே ஜெய்ப்பூர் நிறுவனம் தொடங்கப்பட்டு, போர்க்காலத்திலும் உள்ளூர்த் தொழிலாளர்களே கால் செய்து கொடுத்தார்கள். வெளியிலிருந்து வந்தது தொழில்நுட்பம். தங்கியது உள்ளூர்க் கை. பயன் தந்த உதவிகள் எல்லாவற்றிலும் இந்த ஒற்றுமையைக் காண்கிறேன்.

பட்டணத்து மறுவாழ்வு மையத்தில் ஒரு கம்போடியப் பிசியோதெரபிஸ்டைச் சந்தித்தோம். முப்பது வயதிருக்கும். சுவரில் தொங்கிய காலைப் பற்றிச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். அந்தக் குழு மையத்திடம் எதுவும் சொல்லவில்லையாம். எந்தப் பிள்ளைக்கு என்ன கொடுத்தோம் என்ற குறிப்பும் இல்லை. காலில் இருந்த திருகும் இணைப்பும் வேறு அளவு. மையத்தில் இருக்கும் உதிரிப்பாகம் எதுவும் அதில் பொருந்தாது. "நீங்கள் எல்லோரும் போன பிறகுதான் எங்கள் வேலை தொடங்குகிறது" என்றார். கோபத்தோடு சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது.

நான் இவ்வளவு சுடப்பட்டதற்குச் சொந்தக் காரணமும் ஒன்றுண்டு. கெடாவில் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் நான். என் சின்னம்மாவின் மகனுக்குப் பெருமூளை வாதம். அவனுக்கு இப்போது பதினைந்து வயது. நான் பிசியோதெரபி படிக்க வந்ததே அவனால்தான். அவனுக்கு ஏழு வயதாக இருந்தபோது மாணவர் குழு ஒன்று தோட்டத்துக்கு வந்தது. கோயில் மண்டபத்தில் விழா, உணவுக் கூடை, ஒரு சக்கர நாற்காலி. நாற்காலி பெரியவர்களுக்கு உரியது. தம்பி அதில் ஒரு பக்கமாகச் சரிந்தே உட்கார்ந்தான். சின்னம்மா தலையணைகளைச் செருகிப் பார்த்தார். பின்புறத்தில் புண் வந்தது. இன்று அவன் முதுகு வளைந்திருக்கிறது. இடுப்பு மூட்டு ஒன்று நழுவியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் நாற்காலிதான் காரணம் என்று சொன்னால் அது நான் படித்த படிப்புக்கு ஒவ்வாது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அளவான நாற்காலி கொடுத்தாலும் இடுப்பு நழுவுவதுண்டு. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது யாராவது பார்த்திருந்தால் முன்பே கண்டுபிடித்திருக்கலாம். அந்தக் குழு மறுபடி வரவில்லை. நாற்காலி வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடப் பயன்படுகிறது.

பட்டம்பாங் வீட்டில் அந்தக் காலைப் பார்த்தபோது எனக்கு எங்கள் லயத்துத் துணி நாற்காலிதான் தெரிந்தது. வாங்கிக்கொண்ட பக்கத்தில் இருந்தவள், இப்போது கொடுக்கும் பக்கத்தில் டீ சட்டை போட்டுக்கொண்டு நின்றேன்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இது தமிழ்ப் பேரவை மலர் என்பதற்காகச் சொல்லவில்லை. சிகிச்சையில் பாதி மொழிதான். முகாமில் நான் ஆங்கிலத்தில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் கெமர் மொழியில் சொல்வார். "புரிந்ததா?" என்று கேட்பேன். தாய்மார்கள் தலையாட்டுவார்கள். மகிழ்ச்சியோடு அடுத்தவரை அழைப்பேன். மறுநாள் ஒரு தாயிடம் செய்து காட்டச் சொன்னேன். மகளின் காலை எந்தப் பக்கம் நீட்ட வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் மடக்கினார்.

அந்தத் தலையாட்டலை நான் அறிவேன். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளியின் புதுமுக வகுப்பில் உட்கார்ந்தபோது ஆசிரியர் மலாயில் 'ஃபாஹாம்?' என்று கேட்பார். வகுப்பே தலையாட்டும். நானும் ஆட்டினேன். புரியவில்லை என்று சொல்ல வெட்கம். சொன்னால் அவர் மனம் வருந்துமோ என்ற அச்சம் வேறு. நம்மில் எத்தனை பேர் அப்படித் தலையாட்டி வளர்ந்தவர்கள்! அப்படியிருந்தும் எதிரில் ஒரு தாய் தலையாட்டியபோது அதை நான் நம்பிவிட்டேன்.

போகாமல் இருப்பதைவிடப் போவது மேல் அல்லவா, மாணவர்களின் கண் திறக்கிறதே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என் கண்ணும் அங்கேதான் திறந்தது. அதை மறுத்தால் நான் நன்றி கெட்டவள். ஆனால் நம் கண் திறப்பதற்கான செலவை யார் தலையில் கட்டுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். கற்கப் போகிறோம் என்றால் கற்கப் போகிறோம் என்றே சொல்லுவோம். உள்ளூர் மையத்தில் கம்போடியத் தெரபிஸ்டின் பின்னால் குறிப்பேட்டோடு நிற்போம். சுவரொட்டியில் 'சேவை' என்று போட்டுவிட்டுப் பயிற்சி முடிக்காத கைகளால் குழந்தைகளைத் தொட வேண்டாம். நம் நாட்டு மருத்துவமனையில் மேற்பார்வை இல்லாமல் ஒரு நோயாளியைத் தொட எனக்கு அனுமதி இல்லை. எல்லை தாண்டியதும் அந்த அனுமதியை எனக்குக் கொடுத்தது யார்?

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பயணத்துக்கு ஆளுக்கு ஏறத்தாழ 1,900 ரிங்கிட். பதினான்கு பேருக்கு 26,600 ரிங்கிட். பட்டணத்து மையத்தில் கால் இலவசம். ஆனால் அறுபது கிலோமீட்டர் போய்வர வண்டிக்கூலியும் பாட்டி இழக்கும் நாள்கூலியும் சேர்ந்து ஒரு பயணத்துக்கு 60 ரிங்கிட் அளவில் ஆகிறது. ஆண்டுக்கு இருமுறை, ஒன்பது வயதிலிருந்து பதினெட்டு வயது வரை போய்வந்தால் பதினெட்டுப் பயணம், 1,080 ரிங்கிட். எங்களில் ஒருவர் போகாமல் இருந்திருந்தால் அந்தப் பையன் பெரியவனாகும் வரை நடந்திருப்பான். மேலும் 820 ரிங்கிட் மிஞ்சியிருக்கும்.

பேரவைக்கும், இந்த மலரைப் படிக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, வெளிநாடு போவதானால் ஒரே இடத்துக்குப் பல ஆண்டு போவோம். போகுமுன் அங்குள்ள மையத்திடம் என்ன வேண்டும் என்று கேட்போம். வேண்டாம் என்றால் போக வேண்டாம். செய்ததை எல்லாம் எழுதி அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வருவோம். பயணச் செலவுக்குத் திரட்டும் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் இணையாக ஒரு ரிங்கிட்டைப் பிள்ளைகளின் போக்குவரத்துக்கு ஒதுக்குவோம்.

இரண்டாவது, நம் நாட்டைத் திரும்பிப் பார்ப்போம். பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு மையங்கள் 1984இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கி இன்று நாடெங்கும் பல நூறாகப் பெருகியிருக்கின்றன. பேருந்தில் போய்வரக்கூடிய ஒரு மையத்துக்கு மாதம் இருமுறை, மூன்றாண்டுப் படிப்புக் காலம் முழுவதும் போகும் ஐந்து மாணவர்கள் நமக்குப் போதும். ஆடிக்கொரு நாள் அமாவாசைக்கொரு நாள் போகும் ஐம்பது பேர் வேண்டாம். இதற்கு விமான நிலையப் படம் கிடைக்காது. சான்றிதழும் ஒருவேளை கிடைக்காது.

மூன்றாவது, வேறு எந்தச் சங்கமும் செய்ய முடியாத, தமிழ்ப் பேரவை மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. உடற்பேறு குறைந்த பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்த் தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் வீட்டுப் பயிற்சிகளைத் தமிழில் சொல்லும் கையேடு செய்வோம். படிக்கத் தெரியாதவர்களுக்குக் கைத்தொலைபேசியில் கேட்கும்படி குரலிலும் பதிவு செய்வோம். மருத்துவர்களாகவும் தெரபிஸ்டுகளாகவும் இருக்கும் நம் முன்னாள் மாணவர்கள் அதைச் சரிபார்க்கட்டும். என் சின்னம்மாவிடம் இன்றும் இருப்பது மலாயில் அச்சிட்ட ஒரு தாள். பத்து ஆண்டாக அவர் அதற்குத் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்த ஆண்டு நான் கம்போடியாவுக்குப் போகவில்லை. நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து மையத்துத் தெரபிஸ்டுக்குப் போக்குவரத்துப் பணம் அனுப்பினோம். சிறுவனைப் பாட்டி அழைத்து வந்ததாகவும், அச்சு எடுத்துப் புதுக்கால் செய்து கொடுத்ததாகவும் அவர் எழுதியிருந்தார். படம் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்றேன், அளவை மட்டும் எழுதி வையுங்கள் என்றேன்.

அந்தப் புதுக்காலும் ஓராண்டில் குட்டையாகிவிடும். குட்டையாக வேண்டும், பிள்ளை வளர்கிறான் என்று பொருள். அதற்குள் அடுத்த அறுபது ரிங்கிட்டை எடுத்து வைத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி.